ஹான்சன் பார்த்தது கிருமியா, வெறும் குச்சியா?

மருந்துப்பெட்டி:
"தொழுநோய் என்று எழுதாதீர்கள், ஹான்சன் நோய் என்று எழுதுங்கள், 1873இல் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த மேதைக்கு அதுதான் மரியாதை" என்று நேற்று ஒருவர் எழுத, கீழே வரிசையாகக் கைதட்டல். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. நார்வேயில் பெர்கன் நகரத்தில் ஹான்சன் பார்த்தது சாயம் ஏற்றாத திசுவில் சில குச்சி வடிவங்களை, அவ்வளவுதான். இதுதான் நோய்க்குக் காரணம் என்று 1874இல் எழுதியபோதுகூட அவரால் அடித்துச் சொல்ல முடியவில்லை. 1879இல் ஜெர்மன் மருத்துவர் நைசர்தான் சாயம் ஏற்றி, பாக்டீரியா என்று காட்டினார். சாயம் ஏற்றியவருக்கு ஒன்றும் இல்லை, குச்சி பார்த்தவருக்கு நோயே சொந்தமா?

ஆய்வகத்தான்:
நைசர் சாயம் ஏற்றிய திசு யாருடையது? அதை மட்டும் ஏன் விழுங்கிவிட்டீர்கள்? ஹான்சன் கொடுத்தது. 24 வயதுப் பையன் பெர்கனுக்கு விருந்தாளியாக வந்தான், கேட்டதையெல்லாம் வாங்கிக்கொண்டான், ஜெர்மனியின் பிரெஸ்லாவுக்குத் திரும்பிப் போய்த் தானே கண்டுபிடித்ததாக எழுதினான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது இதுதான். 1880இல் ஹான்சன் தன் பழைய குறிப்புகளை எடுத்துப் போட்டுப் பதில் எழுத வேண்டியதாயிற்று.

மருந்துப்பெட்டி:
திசு கொடுத்தால் கண்டுபிடிப்பா? சாயம் ஏற்றாமல் பார்த்தது கணக்கில் வராது.

ஆய்வகத்தான்:
சாயத்தைப் பற்றி எனக்கே பாடமா? காலமெல்லாம் ஆய்வகத்தில் அதைத்தான் செய்தேன். காது மடலை இரண்டு விரலால் வெளுக்கும் வரை அழுத்திப் பிடித்து, ரத்தம் வராமல் கீறி, சுரண்டி எடுத்து ஸ்லைடில் தடவி, கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றி, அடியில் சூடு காட்டி ஆவி வர வைக்க வேண்டும், கொதிக்க விடக் கூடாது. அப்புறம் அமிலம். காசநோய்க்கு ஊற்றும் காட்டத்தில் ஊற்றினால் இந்தக் கிருமி பிடித்த நிறத்தையும் விட்டுவிடும். இந்த முறையே 1882க்குப் பிறகு வந்தது. பாக்டீரியாவுக்கு அனிலின் வகைச் செயற்கைச் சாயம் ஏற்றுவது பரவலானதும் 1873க்குப் பிறகுதான். கையில் இல்லாத சாயத்தை ஏன் ஏற்றவில்லை என்று கேட்கிறீர்கள். கிருமியால்தான் ஆந்த்ராக்ஸ் என்ற கால்நடை நோய் வருகிறது என்று ஜெர்மன் ஆய்வாளர் கோக் எழுதியதே 1876இல். அதுவும் ஹான்சனின் மேலதிகாரி டேனியல்சன், அவருக்கு மாமனாரும்கூட, இது பரம்பரை நோய் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அவர் ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்துகொண்டு, இல்லை, இது தொற்று என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

மருந்துப்பெட்டி:
நெஞ்சுரம் இருந்தது, சாயம் இல்லை. நான் சொன்னதும் அதையேதான்.

செவிலி மலர்:
இரண்டு பேருமே காரி நீல்ஸ்டாட்டரைப் பற்றிப் பேசவில்லை. 1879 நவம்பரில் ஹான்சன் இன்னொரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்ததை அந்தப் பெண்ணின் கண்ணில் குத்தி ஏற்றினார், ஒரு வார்த்தை கேட்காமல். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள் என்று நினைத்தே கேட்கவில்லை. 1880 மே மாதம் நீதிமன்றம் அவரை ஆஸ்பத்திரிப் பதவியிலிருந்து நீக்கியது. அவர் பெயரையா நோயாளிகளின் நெற்றியில் ஒட்டுகிறீர்கள்?

மருந்துப்பெட்டி:
பார்த்தீர்களா, உங்கள் மேதையின் லட்சணத்தை!

ஆய்வகத்தான்:
உங்கள் நைசர் மட்டும் உத்தமரா? 1890களில் சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் கண்டவர்களின் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிநீரை, பாலியல் தொழில் செய்த பெண்களுக்குச் சொல்லாமல் ஏற்றி, அபராதம் கட்டியவர். அந்த விவகாரத்துக்குப் பிறகுதான் 1900இல் பிரஷ்ய அரசு, சம்மதம் இல்லாமல் இப்படிச் செய்யாதே என்று உத்தரவு போட்டது. கொனோரியா என்ற இன்னொரு பால்வினை நோயின் கிருமிக்கு நைசர் பெயரை வைத்தாயிற்று, அதில் எனக்குச் சண்டை இல்லை, அது அவர் கண்டதுதான். இதையும் கேட்டால்?

செவிலி மலர்:
ஒருவர் செய்ததைச் சொல்லி இன்னொருவர் செய்ததைக் கழுவ முடியாது ஐயா. காரிக்கு என்ன பதில்?

ஆய்வகத்தான்:
தண்டனை கிடைத்தது அம்மா. ஆனால் நாட்டின் தொழுநோய்த் தலைமை மருத்துவர் பதவியை அரசு பறிக்கவில்லை. நோயாளிகளைத் தனியே வைக்கும் 1877, 1885 சட்டங்களுக்குப் பின்னால் நின்றவர் அவர். அந்தக் கண்ணில் ஒன்றும் கிளம்பவில்லை, அதனால் 1873 பொய்யாகிவிடாது.

செவிலி மலர்:
கண்ணில் ஒன்றும் கிளம்பவில்லையாம். குத்துப்பட்டது உங்கள் வீட்டுப் பெண்ணாக இருந்தால் இப்படி எழுதுவீர்களா?

வடகரையான்:
அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனையிலிருந்த நோயாளிகளே தங்கள் பத்திரிகை வழியாக ஹான்சன் நோய் என்ற பெயருக்காகப் போராடினார்கள். பிரேசிலில் 1995இல் சட்டமே போட்டார்கள். யார் முதலில் பார்த்தார் என்பதெல்லாம் அவர்களுக்குப் பொருட்டே இல்லை.

செவிலி மலர்:
எங்கள் வார்டில் அட்டையில் எச்.டி. (ஹான்சன் டிசீஸ்) என்றுதான் எழுதினோம் தம்பி. பார்க்க வந்த வீட்டார் அப்போதும் தனி டம்ளர்தான் கொண்டுவந்தார்கள்.

ஆய்வகத்தான்:
வடகரையான், போன முறை பார்க்கின்சன் நோய்க்கு அந்த மருத்துவர் தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டார் என்று எழுதியவர்தானே நீங்கள்? 1817இல் அவர் நடுக்குவாதம் என்றுதான் எழுதினார், பல பத்தாண்டு கழித்துப் பெயர் வைத்தது பாரிஸில் ஷார்கோ என்ற மருத்துவர். இன்னும் அதற்கு உங்களிடமிருந்து பதில் வரவில்லை.

வடகரையான்:
அதை இங்கே எதற்கு இழுக்கிறீர்கள்? பழைய பகையைத் தீர்க்கவா வந்தீர்கள்?

மருந்துப்பெட்டி:
பேச்சை மாற்ற வேண்டாம். சாயம் ஏற்றிக் காட்டியவர் யார்? ஒரே பெயர் சொல்லுங்கள்.

ஆய்வகத்தான்:
காரணம் என்று நிரூபித்தவர் யார் என்று கேட்டால் நைசரும் இல்லை. நிரூபிக்க வேண்டுமானால் கிருமியைத் தனியே வளர்த்துக் காட்ட வேண்டும், இந்தக் கிருமியைச் செயற்கை ஊடகத்தில் இன்றுவரை வளர்க்க முடியவில்லை. 1960இல் எலியின் பாதத்தில் வளர்த்தார்கள், 1971இல் அர்மடில்லோ என்ற ஓடுள்ள விலங்கில். உங்கள் கணக்குப்படி அந்த எலிக்காரருக்கும் ஒரு பங்கு எழுதி வையுங்கள். ஹான்சனின் குறிப்பில் தேதி 1873 பிப்ரவரி 28. அதற்கு முந்தைய தேதி ஒன்று நைசரிடம் இருந்தால் இங்கே போடுங்கள்.

மருந்துப்பெட்டி:
தேதி எதற்கு? சாயம் எங்கே?