உப்புக் காற்று, ஜல்லி, துரு: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வீடு தூத்துக்குடியில், உப்பளங்களுக்குப் பக்கம். தினமும் காரில் லாரிகளுக்குப் பின்னால்தான் ஓட்டம். ஜல்லி தெறித்து பானெட் முனையிலும் சக்கர வளைவுகளிலும் பெயிண்ட் பெயர்ந்து தகரம் தெரிகிறது. சில இடங்களில் துருவும் ஆரம்பித்துவிட்டது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் இங்கே சீக்கிரம் பரவிவிடும்.

துருவைத் தேய்த்தெடுத்த பிறகு எபாக்சி பிரைமர் (பெயிண்டுக்கு அடியில் பூசும் துருத்தடுப்புப் பூச்சு) போதுமா, ரஸ்ட் கன்வெர்ட்டரும் (மிச்சத் துருவை மேலும் பரவாத படலமாக மாற்றும் திரவம்) பூச வேண்டுமா? பானெட்டுக்கு பிபிஎஃப் (பெயிண்டைக் காக்கும் கண்ணாடி போன்ற பிலிம்) ஒட்டியவர்கள் அனுபவம் சொல்லுங்கள். செராமிக் கோட்டிங் வேண்டாம், அது கல்லடியைத் தாங்காது.

அடிப்பகுதிதான் பெரிய கவலை. ரப்பர் கோட்டிங் விரிசல் விட்டால் உப்புத் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடுமே! மெழுகு வகை மேலா? கதவின் வடிகால் துளைகளை அடைக்காமல் பொறுமையாகச் செய்யும் பட்டறை தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் இருந்தால் அவசியம் சொல்லுங்கள். மழைக்கு முன் முடிக்க வேண்டும்.