ஃபிஜியில் ஊழியம்: சனி, ஞாயிறு கிராமத்தில் தங்கப் போகிறோம், யங்கோனா குடிக்கலாமா?

பாளையங்கோட்டை_மருமகள்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நாங்கள் ஃபிஜியில் லௌத்தோகாவுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. கணவர் இங்கே இந்திய வம்சாவளி சபை ஒன்றில் போதகர், நான் ஒரு பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன், ஒன்பது வயதில் ஒரு பையன். கிளம்பும்போது "தீவு, கடல், தென்னை மரம், உங்களுக்கென்ன ஐயரம்மா" என்று சொன்னவர்களையெல்லாம் ஒரு ஜனவரியில் கூட்டிவந்து இந்தப் புழுக்கத்தில் உட்காரவைக்க வேண்டும். முதல் மூன்று மாதம் நான் தமிழில் பேசியது வீட்டுக்காரரிடமும் சுவரில் இருந்த பல்லியிடமும்தான். சபையில் பெயரெல்லாம் கவுண்டர், முதலியார் என்று இருக்கும், 1903க்கு அப்புறம் மதராஸில் கப்பலேறிக் கரும்பு வெட்ட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், ஆனால் வாயைத் திறந்தால் ஃபிஜி இந்தி. அதையே இன்னும் தட்டுத்தடுமாறித்தான் பேசுகிறேன்.

இப்போது என்னுடன் வேலை பார்க்கும் ஃபிஜிக்கார டீச்சர் ஒருவர் அவர் அம்மா ஊரான நவாலாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார். பா நகரத்திலிருந்து மலைமேல் போக வேண்டுமாம், வீடெல்லாம் இன்னும் புல்கூரைதான், சனி இரவு தங்கி ஞாயிறு கோயில் முடித்துத் திரும்பலாம் என்கிறார். பிரச்சினை என்னவென்றால், போனதும் யங்கோனா என்று ஒன்றைக் குடிக்கக் கொடுப்பார்களாம். எங்கள் வீட்டுக்காரர் லாகிரி வஸ்து என்றால் பாக்குகூடப் போடாதவர். குடிக்கும்போது யாராவது போட்டோ எடுத்து, அது வாட்ஸ்அப்பில் சுற்றி எங்கள் சேகரக் கமிட்டிக்குப் போனால் அவ்வளவுதான். குடிக்காவிட்டால் ஊருக்கு அவமானமா? என்ன உடுத்துவது? பழைய துணி ஒரு மூட்டையும் கொஞ்சம் கைப்பிரதிகளும் கொண்டுபோகலாம் என்று நினைத்திருக்கிறேன், சரிதானா?

சுவாவில்_11வருஷம்:

அக்கா, முதலில் அந்தத் துணி மூட்டையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். விருந்தாளியாகப் போகிறீர்கள், நிவாரணம் கொடுக்க இல்லை. கொண்டுபோக வேண்டியது ஒன்றே ஒன்று, யங்கோனா வேர். பா சந்தையிலேயே அரைக்கிலோ கட்டாக, நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொடுப்பார்கள். இடித்த பொடி வாங்காதீர்கள், அது வீட்டில் குடிக்க. வேராகத்தான் வைக்க வேண்டும்.

ஊருக்குள் போனதும் நேராக உங்கள் டீச்சர் வீட்டுக்குப் போய்க் காபி குடிக்க முடியாது. முதலில் செவுசெவு. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் பாயில் உட்கார்ந்து, அந்தக் கட்டை முன்னால் வைத்து, உங்கள் சார்பில் ஒருவர் நாலு வார்த்தை பேசி, எதிரே ஒருவர் எடுத்துக்கொண்டு பதில் பேசிவிட்டால் முடிந்தது. அதற்கப்புறம் நீங்கள் அந்த ஊர் ஆள், உங்களுக்கு ஒன்று என்றால் அவர்கள் பொறுப்பு. இதைச் செய்யாமல் ஊருக்குள் சுற்றுவது நம் ஊரில் செருப்போடு பூஜையறைக்குள் நுழைகிற மாதிரி.

நீங்களும் பையனும் முட்டிக்குக் கீழே இறங்குகிற மாதிரி சுலு கட்டிக்கொள்ளுங்கள், லௌத்தோகாவில் எந்தக் கடையிலும் கிடைக்கும், கைலி கட்டத் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டாம். தோள் மூடியிருக்கட்டும். தொப்பியும் கருப்புக் கண்ணாடியும் ஊர் எல்லையிலேயே கழற்றிவிடுங்கள். யார் தலையையும் தொடாதீர்கள், குழந்தை தலையைக்கூட, நமக்கு அந்தத் தடவிக்கொடுக்கிற பழக்கம் கைநழுவி வந்துவிடும். உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டிப் போனால் குனிந்து "தீலோ" (மன்னியுங்கள்) சொல்லிக்கொண்டே போங்கள். முக்கியமான இன்னொன்று: எந்தப் பொருளையும் "ஆஹா, எவ்வளவு அழகு" என்று புகழாதீர்கள், கையில் கொடுத்துவிடுவார்கள், வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்கள்.

குடிப்பது உங்கள் வீட்டுக்காரர் விருப்பம். அது சாராயம் இல்லை, புளிக்கவைப்பதும் இல்லை, வேரைப் பொடித்துத் தண்ணீரில் பிசைந்து வடிகட்டுவது. மெதடிஸ்ட் போதகர்கள் இங்கே ஆராதனை முடிந்ததும் தானோவா பாத்திரத்தைச் சுற்றி உட்காருவது சாதாரணம். ஏழாம் நாள் சபைக்காரர்கள் தொடமாட்டார்கள், பெந்தெகொஸ்தேக்காரர்கள் பலரும் அப்படித்தான், ஊரும் அதைப் புரிந்து வைத்திருக்கிறது. சிரட்டை வந்தால் ஒரு தடவை கையைக் குவித்துத் தட்டி, "பூலா" சொல்லி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, திருப்பிக் கொடுத்து மூன்று தடவை தட்ட வேண்டும். "லோ டைட்" என்று கேட்டால் கால் சிரட்டைதான் ஊற்றுவார்கள். வாயை மரக்கவைக்கும், சேற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கும், நான் பொய் சொல்லமாட்டேன்.

கடற்காகம்:

மிஷனெரியும் மலைக்கிராமமும் என்றதும் எனக்கு தாமஸ் பேக்கர் ஞாபகம்தான் வருகிறது. 1867 ஜூலையில், நீங்கள் இருக்கிற அதே வீத்தி லேவு தீவின் உள்மலையில் நம்புதவுதவு என்கிற ஊரில் அவரைக் கொன்று தின்றார்கள். தலைவர் தலையில் இருந்த சீப்பைப் பிடுங்கினார், தலையைத் தொட்டார், அதனால் கொன்றார்கள் என்று ஒரு கதை சுற்றுலா வழிகாட்டிகள் வாயில் இன்றைக்கும் ஓடுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பவு தீவின் தலைவர் தகோம்பாவு 1854இல் கிறிஸ்தவரான பிறகு, கடலோர ஆட்களின் மதம் என்றாலே அவர்களுடைய ஆதிக்கமும் சேர்ந்துதான் வருகிறது என்று மலைக்காரர்கள் நினைத்தார்கள். பேக்கர் அதற்கு நடுவில் போய் நின்றார். அவர் செருப்பின் அடித்தோல் சுவா அருங்காட்சியகத்தில் இருக்கிறது, எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு வருகிறார்கள். அவரோடு ஏழு ஃபிஜிக்கார ஊழியர்களும் செத்தார்கள், அவர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை, எனக்கு எரிச்சல் அங்கேதான். 2003இல் அந்த ஊர்க்காரர்கள் பேக்கரின் வம்சாவளியினரை வரவழைத்து, அங்கே பெரிய மரியாதையாக வைக்கிற திமிங்கிலப் பல்லை வைத்து மன்னிப்புக் கேட்டார்கள்.

பயமுறுத்தச் சொல்லவில்லை. கைப்பிரதி எதற்கு என்று கேட்கத்தான். நவாலா ஏற்கெனவே கத்தோலிக்க ஊர். கோயில் மணி அடித்தால் ஊரே போகும். உங்களுக்கே அங்கே ஞாயிறு பூசைக்கு உட்கார வேண்டியிருக்கும், அதற்குத் தயாராகப் போங்கள்.

சுவாவில்_11வருஷம்:

காகம் சொல்வது சரி, ஆனால் முதலில் வந்தவர்களை மொத்தமாகக் கழித்துக்கட்ட வேண்டாம். 1835இல் லகேம்பா தீவில் இறங்கிய கார்கில், கிராஸ் இருவரும்தான் இந்த மொழிக்கு எழுத்து அமைத்தார்கள், ஒரு ஒலிக்கு ஒரு எழுத்து என்று, 'ந்த'வுக்கு d, 'ம்ப'வுக்கு b. அதனால்தான் நாடி என்று எழுதியிருப்பதை நந்தி என்றும், பா என்று எழுதியிருப்பதை ம்பா என்றும் படிக்கிறோம். வெள்ளைக்காரர்கள் இதில் திண்டாடுவார்கள். நமக்கு "பந்து", "அம்பு", "சங்கு" என்று மூக்கோடு சேர்த்துச் சொல்லியே பழக்கம், ஒரே நாளில் வந்துவிடும். அக்கா, நீங்கள் ஃபிஜி மொழியில் பத்து வார்த்தை படித்துவிட்டுப் போங்கள், கைப்பிரதியைவிட அது வேலை செய்யும்.

மாத்திரைப்பெட்டி:

நர்ஸாக இருந்தவள் என்பதால் இரண்டு வரி. வீட்டுக்காரர் தூக்க மாத்திரை போடுபவர் என்றால் யங்கோனா வேண்டாம், ஈரல் கோளாறு இருந்தாலும் வேண்டாம். குடித்துவிட்டு அந்த மலைப்பாதையில் வண்டி ஓட்டவும் வேண்டாம். பையனுக்குக் கொசு மருந்து, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே ஓடை எல்லாப் பிள்ளைகளையும் இழுக்கும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை குளியல், விளையாட்டு, சத்தம் எல்லாம் ஊரில் கூடாது, அவனுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பாளையங்கோட்டை_மருமகள்:

போய்விட்டு வந்துவிட்டோம். எல்லோருக்கும் நன்றி, துணி மூட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன், தப்பித்தேன். வீடெல்லாம் உயரமான கல் மேடையில், மூங்கில் பிளந்து முடைந்த சுவரும் உச்சிவரைக்கும் ஏறுகிற புல்கூரையுமாக வரிசையாக நிற்கிறது. உள்ளே காய்ந்த புல்லைப் பரப்பி மேலே தாழம்பாய், காலை வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கியது. 2016 புயலில் நிறைய வீடுகள் போயிற்றாம், சிலர் தகரக்கூரைக்கு மாறிவிட்டார்கள், மூங்கிலும் புல்லும் அறுத்துக் கட்ட ஆள் சேர்ப்பதே பெரிய பாடு என்று டீச்சரின் மாமா சொன்னார். "இப்படியே வைத்திருங்கள், அழகாக இருக்கிறது" என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன்.

செவுசெவு என்றால் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நினைக்கவில்லை. எங்கள் கட்டு பாயில் கிடந்தது, யாரும் தொடவில்லை, ஒரு கோழி மட்டும் வாசலில் நின்று பார்த்தது. அப்புறம் ஒரு பெரியவர் அதை இரண்டு கையாலும் எடுத்து, முகத்தைக் குனிந்துகொண்டு ஏதோ மெல்லப் பேசிக்கொண்டே போனார், நடுநடுவே மற்றவர்கள் ஒரே குரலில் முனகினார்கள். எங்கள் பெயரும் "இந்தியா"வும் அதில் வந்தது. எனக்குப் புரியாத மொழியில் என் பெயரைச் சொல்லி யாரோ ஜெபம் பண்ணினது மாதிரி இருந்தது, கண் கலங்கிவிட்டேன், ஏன் என்று கேட்காதீர்கள், ஏழு மாதம் யாரும் என் பெயரைச் சொல்லவில்லை, எல்லோருக்கும் நான் பாஸ்டர் மனைவிதான்.

வீட்டுக்காரர் குடித்தார். லோ டைட்தான் கேட்டார். ஆனால் பதற்றத்தில் குடிப்பதற்கு முன்னாலேயே மூன்று தடவை தட்டிவிட்டார், குடித்த பின் ஒன்றுகூடத் தட்டாமல் சிரட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீடே குலுங்கிச் சிரித்தது. அதற்கப்புறம் ராத்திரி முழுக்க அவரை விடவில்லை, ஒவ்வொரு சுற்றுக்கும் "தலதலா!" என்று கூப்பிட்டு, போதகரைத்தான் அப்படிச் சொல்வார்களாம், ஊரே முன்னால் தட்டிக்காட்டியது. போட்டோ எடுத்தது யார் என்று சொல்லமாட்டேன், அனுப்பவும் மாட்டேன்.

ஞாயிறு மத்தியானம் சேம்பும் மரவள்ளியும், சேம்பிலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த ரோரோவும். அசல் எங்கள் அம்மாவின் கீரைக்கூட்டு, உப்பு மட்டும் கம்மி. சாப்பிட்டு முடித்துத் திரும்பினால் எங்கள் வண்டி டிக்கியில் ஒரு சாக்கு சேம்பு ஏறி உட்கார்ந்திருந்தது. நாங்கள் கொண்டுபோனது அரைக்கிலோ வேர்!

ஒரே ஒரு தப்பு நடந்துவிட்டது. எவ்வளவு சொல்லியிருந்தும், டீச்சரின் பாட்டி விசிறிக்கொண்டிருந்த பனையோலை விசிறியைப் பார்த்து "எங்கள் ஊர் விசிறி மாதிரியே இருக்கிறதே" என்று சொல்லிவிட்டேன், டீச்சர் அதை மொழிபெயர்த்தும் விட்டார். இப்போது விசிறி என் வீட்டில். பதிலுக்கு ஏதாவது அனுப்ப வேண்டுமா? திருப்பிக் கொடுத்தால் கோபப்படுவார்களா?

சுவாவில்_11வருஷம்:

திருப்பிக் கொடுக்காதீர்கள், உடனே பதிலுக்கு எதையும் அனுப்பவும் வேண்டாம், கடனைத் தீர்க்கிற மாதிரி ஆகிவிடும். கொஞ்ச நாள் கழித்து அந்தப் பாட்டி லௌத்தோகா ஆஸ்பத்திரிக்கு வரும்போது உங்கள் வீட்டில்தான் தங்குவார், உங்கள் பிரஷர் குக்கரைப் பார்த்து "அழகாக இருக்கிறதே" என்பார். இன்னொன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.