1968 கேமரோ: பவர்கிளைடுக்குப் பதில் எந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போடலாம்?

கேமரோ68:
வணக்கம். என்னுடையது 1968 கேமரோ எஸ்எஸ். 350 எஞ்சின், எடல்பிராக் கார்புரேட்டர், கம்பெனி போட்டுக் கொடுத்த இரண்டு கியர் பவர்கிளைட். கொஞ்ச நாளாக மேல் கியருக்கு மாறும்போது வழுக்குகிறது. ஆயிலில் கருகிய வாடை. எப்படியும் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும், திரும்ப அதையே போட மனமில்லை. பின் ஆக்சில் விகிதம் 3.73 (சக்கரம் ஒரு சுற்று சுற்ற புரொபெல்லர் ஷாஃப்ட் 3.73 சுற்று), டயர் உயரம் 26 அங்குலம். 70 மைல் வேகத்தில் எஞ்சின் 3,400 சுற்றில் கத்துகிறது, பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. பந்தயமெல்லாம் இல்லை, வாரக் கடைசியில் ஓட்டத்தான். மாற்றாக டிஹெச்350 கியர்பாக்ஸா, நான்கு கியர் 700ஆர்4-ஆ?

பழையஸ்பானர்:
டிஹெச்350. நீளம் ஏறக்குறைய பவர்கிளைட் அளவுதான், புரொபெல்லர் ஷாஃப்டில் கை வைக்க வேண்டாம். மூன்று கியர், வயர் தொல்லை இல்லை. எந்த மெக்கானிக்கும் பிரித்து மாட்டிவிடுவார்.

கிரீஸ்கை:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் அவர் கேட்டது சத்தத்துக்கு மருந்து. டிஹெச்350-இன் மேல் கியர் விகிதம் 1.00 (எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகம்), பவர்கிளைடுக்கும் 1.00. செலவு செய்த பிறகும் அதே 3,400தான்.

700ஆர்4-இல் ஓவர்டிரைவ் (எஞ்சினை ஷாஃப்டைவிட மெதுவாகச் சுற்றவிடும் மேல் கியர்) 0.70 இருக்கிறது. ஆனால் முதல் கியர் 3.06. உங்கள் 3.73 ஆக்சிலோடு சேர்ந்தால் கிளம்பிய உடனே தீர்ந்துவிடும், அடுத்தது 1.63, எஞ்சின் தொப்பென்று விழும். ஆக்சில் 3.08 ஆக இருந்தால் யோசிக்காமல் அதைத்தான் சொல்லியிருப்பேன். நீளமும் சுமார் 3 அங்குலம் அதிகம், ஷாஃப்டை வெட்ட வேண்டும்.

200-4ஆர் பாருங்கள். நான்கு கியர், விகிதம் 2.74, 1.57, 1.00, 0.67. 70 மைலில் ஏறக்குறைய 2,260 சுற்று. நீளம் டிஹெச்350 அளவு, ஷாஃப்டை கியர்பாக்ஸில் செருகும் பழைய யோக்கே சேரும். கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை (கிராஸ்மெம்பர்) மட்டும் பின்னால் நகர்த்த வேண்டும். ப்யூக் கிராண்ட் நேஷனலில் இருந்தது இந்த வகைதான். ஆனால் சாதாரண குடும்பக் காரிலிருந்து கழற்றியதை அப்படியே மாட்டாதீர்கள், உள்ளே பலப்படுத்திப் போடுங்கள்.

கேமரோ68:
இதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை! கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிள் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே?

கிரீஸ்கை:
பயப்பட வேண்டிய இடம் அதுதான். அது வெறும் கிக்டவுன் கேபிள் (அழுத்தி மிதித்தால் கீழ் கியருக்கு இறக்குவது) இல்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க உள்ளே ஆயில் பிரஷரை ஏற்றுவது அதன் வேலை. தளர்வாக இருந்தால் பிரஷர் ஏறாது, கிளட்ச் வழுக்கிக் கருகும். என் முதல் 700ஆர்4 அப்படித்தான் போனது. மாட்டியவர் கேபிளைக் கையால் இழுத்துப் பார்த்து "சரியா இருக்கு" என்றார். வீடு வந்து சேர்வதற்குள் மூன்றாவது கியர் இல்லை. உங்கள் கார்புரேட்டருக்கு ஏற்ற பிராக்கெட்டை வாங்குங்கள், பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்காமல் சாலையில் இறக்காதீர்கள்.

பழையஸ்பானர்:
லாக்கப்பை (டார்க் கன்வர்ட்டர் வழுக்காமல் எஞ்சினோடு சேர்த்துப் பூட்டுவது) மறந்துவிட்டீர்கள். அந்தக் காரில் கம்ப்யூட்டர் கிடையாது. நான்காவது கியர் விழுந்ததும் லாக்கப் பிடிக்க உள்ளே பிரஷர் சுவிட்ச் வைத்து 12 வோல்ட் கொடுக்க வேண்டும். பிரேக் மிதித்தால் விடுபடவும் வேண்டும். அப்புறம் தனி ஆயில் கூலர். சரி, 200-4ஆரே போடுங்கள், நான் சண்டைக்கு வரவில்லை.

கேமரோ68:
இருவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காருக்கு அடியில் படுத்து கிராஸ்மெம்பரை அளந்துவிட்டு எழுதுகிறேன்.