காலில் அடிபட்ட, மரத்தடி இழுக்கும் யானையை எங்கள் தோட்ட லைன் வைத்துப் பார்க்கிறது: யோசனை சொல்லுங்கள்

கேள்வி: பெரியாற்றங்கரை

வணக்கம். வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லைனில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கிறோம். தாத்தா காலத்தில் கம்பத்திலிருந்து மலையேறி வந்த குடும்பங்கள், மொத்தம் 46 வீடு. போன மாதம் இங்கே கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரம் வெட்டினார்கள். தடி இழுத்து லாரியில் ஏற்ற கௌரி என்ற பெண் யானை வந்தாள். மழையில் அடுக்கு சரிந்து ஒரு தடி உருண்டு அவள் இடது பின்னங்காலில் விழுந்தது. ஒரு நகம் பிளந்துவிட்டது, பாதம் பானை மாதிரி வீங்கிவிட்டது. கால்நடை டாக்டர் வந்து பார்த்து, எலும்பு முறியவில்லை என்று சொல்லி ஊசி போட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வேலை முடிந்ததும் காண்ட்ராக்டர் போய்விட்டார். உடைமைக்காரர் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டார். பாகன் அண்ணன் மட்டும் சம்பளம் இல்லாமல் அவள் கூடவே இருக்கிறார். எங்கள் வீடுகளில்தான் முறைவைத்துச் சாப்பாடு. கூட்டம் போட்டு, வீட்டுக்கு வாரம் 50 ரூபாயும் ஒரு படி அரிசியும் என்று முடிவு செய்தோம். பெண்கள் வேலை முடிந்து வரும்போது ஆளுக்கு ஒரு கட்டு புல் கொண்டுவருகிறோம்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, ஒன்பது நாளாக அவள் படுக்கவே இல்லை. இரவெல்லாம் பலா மரத்தில் நெற்றியை முட்டுக்கொடுத்து நிற்கிறாள். இரண்டு, உடைமைக்காரர் இப்போது ஆள் விட்டு, "ஏதாவது கொடுத்து நீங்களே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: காவடி மகள்

அக்கா, நான் டாப்சிலிப் பக்கம் கோழிகமுத்தி யானை முகாமில் வளர்ந்தவள். மலசர் வீட்டுப் பெண். அப்பா அங்கே காவடியாக, அதாவது பாகனுக்கு உதவியாளராக இருந்து அப்புறம் மாவுத்தன் (பாகன்) ஆனவர். நேற்று இரவு உங்கள் கேள்வியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சொன்னதைத்தான் பெரும்பாலும் எழுதுகிறேன்.

படுக்காததற்குக் காரணம் பயம். படுத்தால் எழ அந்தப் பின்னங்காலை ஊன்ற வேண்டும், முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இப்படியே நின்றால் மற்ற மூன்று காலும் கெட்டுவிடும். அதனால் நாளைக்கே மண் குவியுங்கள். கல் இல்லாத ஆற்று மணல் கலந்த மண், அவள் விலா உயரத்துக்கு, ஒரு பக்கம் சரிவாக. அதில் சாய்ந்தாலே உடம்புப் பாரம் காலைவிட்டு இறங்கும். சாய்ந்தபடியே தூங்குவாள், எழுவதும் சுலபம். எங்கள் முகாமில் ஒரு கிழட்டு யானைக்கு அப்பா இப்படித்தான் போட்டார். முதல் இரண்டு நாள் அது மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டதே தவிர, சாயவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் குறட்டை கேட்டது. பொறுமையாக இருங்கள்.

ஒருவேளை அவள் விழுந்து எழ முடியாமல் போனால் மணிக்கணக்கில் விடவே கூடாது. சொந்த எடையே நுரையீரலையும் தசையையும் நசுக்கிவிடும். கிரேனும் அகலமான பெல்ட்டும் எங்கே கிடைக்கும் என்று இன்றே விசாரித்து, போன் நம்பரை எழுதிவையுங்கள்.

புல் விஷயம்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. தேயிலைக் காட்டுக்குள் அறுக்கும் புல்லா அது? அங்கே களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் அடிப்பார்களே! ஓடைக்கரையில் மட்டும் அறுங்கள். உங்கள் பக்கம் யானைக்கு வழக்கமான தீனி கூந்தல்பனை மட்டை. அதோடு மூங்கில், வாழைத்தண்டு. வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோவுக்குக் குறையாமல் பச்சை வேண்டும். தின்பதில் பாதிகூடச் செரிக்காது, அதனால்தான் நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்கும். அரிசியை மட்டும் வேகவைத்துக் கொட்டாதீர்கள். வேலையில்லாமல் நிற்கும் யானைக்கு வயிறு கட்டிக்கொள்ளும். முகாமில் ராகிக் களி, வேகவைத்த கொள்ளு, கொஞ்சம் அரிசி, உப்பு, வெல்லம் சேர்த்துக் கவளம் பிடிப்போம். அவள் போடும் லத்தியை, அதாவது சாண உருண்டைகளைத் தினமும் எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை குறைந்தாலோ, காய்ந்து உருண்டையாக வந்தாலோ அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

மாத்திரையைக் கவளத்துக்குள் வைத்தால் நாக்கில் தடவிப் பார்த்து அதை மட்டும் துப்பிவிடும், அவ்வளவு கெட்டி. முதல் இரண்டு கவளம் வெறுமனே கொடுத்து, மூன்றாவதில் வெல்லத்தோடு பொடித்து வையுங்கள்.

புண்ணை இரண்டு வேளை கழுவ வேண்டும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை டாக்டர் சொல்லும் அளவில் இளஞ்சூட்டு நீரில் கலந்து, காலைத் தொட்டியில் வைக்கப் பழக்குங்கள். நகத்தைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். சூடாக இருந்தாலோ கெட்ட வாடை வந்தாலோ உள்ளே சீழ் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். நீங்களே கீறிவிடாதீர்கள். இதையெல்லாம் பாகன் மட்டும்தான் செய்ய வேண்டும். வலி இருக்கும் யானை, பழகியவரையே தட்டிவிடும். பிள்ளைகள் வாழைப்பழத்தைப் பாகன் கையில் கொடுக்கட்டும். லைனில் யாருக்காவது காசநோய் சிகிச்சை நடந்தால் அவர்கள் கிட்டே போகவே வேண்டாம். மனிதரிடமிருந்து யானைக்கு அது தொற்றும்.

அப்பா கடைசியாக ஒன்று சொன்னார்: அந்தப் பாகனுக்கு முதலில் சம்பளம் ஏற்பாடு செய்யச் சொல். அவர் போய்விட்டால் 46 வீடு சேர்ந்தாலும் அவளைப் பார்க்க முடியாது.

பதில்: தேனி வக்கீல்

பணம் கொடுத்து எழுதி வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் யானை முதல் அட்டவணையில் இருக்கிறது, விற்பதும் வாங்குவதும் குற்றம். உங்கள் நல்ல மனசு அங்கே கணக்கில் வராது. உடைமைச் சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறது, அடையாளத்துக்கு யானையின் தோலுக்குள் வைக்கும் மைக்ரோசிப்பின் எண் என்ன என்று பாருங்கள். பராமரிக்க முடியாத உடைமையாளர் யானையை வேறொருவருக்கு மாற்றிக்கொடுக்க, வளர்ப்பு யானைகளுக்கான 2024 விதிகளில் வழி உண்டு, ஆனால் அது வனத்துறை அனுமதியோடு மட்டும். அதுவரை பொறுப்பு அவருடையதுதான். யானை நிற்கும் இடம், காயம், நீங்கள் செய்யும் செலவு எல்லாவற்றையும் எழுதிக் கோட்ட வன அலுவலருக்கு இப்போதே மனு கொடுங்கள். திருவனந்தபுரம் பக்கம் கோட்டூரில் கேரள வனத்துறையின் யானை மறுவாழ்வு மையம் இருக்கிறது. அங்கே கேட்பதையும் மனுவிலேயே சேருங்கள்.

பதில்: லம்பாங் வாசி

நான் வடக்குத் தாய்லாந்தில் வேலை பார்த்தவன். மர வேலைக்குப் போன மோட்டாலா என்ற பெண் யானை 1999இல் மியான்மர் எல்லையில் கண்ணிவெடியை மிதித்து இடது முன்பாதத்தை இழந்தாள். லம்பாங் யானை மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார்கள். நிரந்தரச் செயற்கைக்கால் பொருத்தியது 2009இல். நடுவில் 10 வருடம்! உங்கள் கௌரிக்குப் பாதம் இருக்கிறது, எலும்பும் முறியவில்லை. ஆனாலும் வாரம் 50 ரூபாயை எத்தனை மாதம் தர முடியும் என்று இப்போதே பேசி வையுங்கள்.

மறுபடியும்: பெரியாற்றங்கரை

எல்லாருக்கும் நன்றி. தேயிலைக்குள் புல் அறுப்பதை அன்றே நிறுத்திவிட்டோம். மனு கொடுத்தாயிற்று, வனத்துறையிலிருந்து இரண்டு பேர் வந்து சிப் எண்ணைக் குறித்துக்கொண்டு போனார்கள். பாகன் அண்ணனுக்கு மாதம் 6,000 தருவதாகப் பேசியிருக்கிறோம், போதாதுதான். ஞாயிற்றுக்கிழமை மூன்று டிராக்டர் மண் அடித்தோம். காவடி மகள் தங்கச்சி, உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்: நேற்று விடியற்காலை நாலு மணிக்குப் பாகன் அண்ணன் கதவைத் தட்டினார். டார்ச் அடிக்காமல் போய்ப் பார்த்தோம். மண்ணில் சாய்ந்து, தும்பிக்கையைச் சுருட்டி வைத்துக்கொண்டு தூங்குகிறாள். அடிபட்ட கால் தரையைத் தொடவில்லை.