அப்பா, வயிறு மட்டும் ஏன் சுருங்கல?

பம்புசெட் அப்பா, கோபிசெட்டிபாளையம்:

போன ஞாயித்துக்கிழமை தோட்டத்துத் தொட்டியில மக இறங்குனா. ஒரு மணி நேரம் ஆகியும் மேல வரலை. ஒருவழியா தூக்கி, துண்டைச் சுத்தி உக்கார வச்சேன். ரெண்டு கையையும் நீட்டி, "அப்பா, பாட்டி கை மாதிரி ஆயிருச்சு"ன்னா. எல்லாரும் சொல்றதைத்தான் நானும் சொன்னேன்: "ரொம்ப நேரம் தண்ணியில கெடந்தீல்ல கண்ணு, தோல் ஊறிப்போச்சு."

"வயிறும்தான ஊறுச்சு? வயிறு மட்டும் ஏன் சுருங்கல?"

ஏழு வயசுங்க. பதில் தெரியாம அவ வயித்தைப் பார்த்தேன், என் வயித்தையும் தடவிப் பார்த்தேன். முழங்கை, முதுகு, கன்னம், ஒண்ணுமே சுருங்கலை. விரல் நுனியும் உள்ளங்காலும்தான். முப்பது வருசமா அதே தொட்டியில குளிக்கிறேன், ஒரு நாளும் இது தோணுனதில்லை. புள்ளைக்கு ஏதாச்சும் சொல்லிச் சமாளிக்க எனக்கு மனசு வரலை. உங்கள்ல யாராச்சும் இதைக் கவனிச்சிருக்கீங்களா?

தேன்மொழி, காரைக்கால்:

அண்ணா, உங்க பொண்ணு கேட்டதுக்குப் பாதிப் பதில் என் விரல்லயே இருக்கு. தை மாசம் மீன் நறுக்கும்போது அரிவாள்மனையில இடது ஆள்காட்டி விரல் ஆழமா அறுபட்டிருச்சு. முதல்ல போன இடத்துல தோலை மட்டும் தச்சு அனுப்பிட்டாங்க. புண் ஆறிடுச்சு. ஆனா கட்டைவிரல் பக்கம் இருக்கிற பாதி நுனி என்னோடதே இல்லாத மாதிரி இருந்துச்சு. சூடு தெரியாது, ஊசியால தொட்டாலும் தெரியாது. ரெண்டு வாரம் கழிச்சு கை அறுவை சிகிச்சை பண்ற டாக்டர் ஒருத்தர் பார்த்து, உள்ள நரம்பு அறுந்திருக்குன்னு சொன்னார். திறந்து நரம்பைச் சேர்த்துத் தச்சாங்க.

கட்டுப் பிரிச்சு கொஞ்ச நாள்ல போர்வை எல்லாம் ஊறப்போட்டுத் துவைச்சேன். கையைத் தொடைக்கும்போது பார்த்தா ஒன்பது விரலும் காஞ்ச திராட்சை மாதிரி சுருங்கியிருக்கு. இந்த ஒரு விரல்ல மட்டும் ஒரு பாதி சுருங்கி, மறு பாதி வழவழன்னு இருந்துச்சு. நடுவுல கோடு கிழிச்ச மாதிரி. அதே தண்ணி, அதே சோப்பு, அதே நேரம். ஊறுறதுதான் காரணம்னா அந்தப் பாதியும் சுருங்கியிருக்கணும்ல? அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. பயமா, ஆச்சரியமான்னு இப்பவும் சொல்லத் தெரியலை.

ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட், வேலூர்:

தங்கச்சி, நீங்கள் துவைக்கும்போது பார்த்ததை மருத்துவத்தில் ஒரு பரிசோதனையாகவே செய்கிறோம். 40 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் கையை வைக்கச் சொல்வோம். எந்த விரல் சுருங்கவில்லையோ அதன் நரம்பில் பழுது இருக்கிறது என்று சந்தேகிப்போம். 1973இல் ஓ'ரியன் என்ற அறுவை மருத்துவர் இதை எழுதிவைத்தார். அதற்கும் முன்பே, 1930களில், லண்டனில் லூயிஸ், பிக்கரிங் என்ற இரண்டு மருத்துவர்கள் கையின் நடு நரம்பு கெட்டவர்களைக் கவனித்தார்கள். அந்த நரம்பு போகிற பகுதி மட்டும் தண்ணீரில் சுருங்கவில்லை.

நடப்பது இதுதான். விரல் நுனியில் வியர்வைத் துளைகள் நெருக்கமாக இருக்கின்றன. தண்ணீர் அவற்றின் வழியே கசியும்போது உள்ளே உப்பின் அளவு மாறுகிறது. அதை உணர்ந்து நரம்பு ரத்தக் குழாய்களை இறுக்குகிறது. உள்சதை கொஞ்சம் வற்றுகிறது, மேல்தோல் மட்டும் பழைய அளவிலேயே இருப்பதால் மடிப்பு விழுகிறது. ஆக, விரல் ஊதவில்லை, இளைக்கிறது. மேல்தோல் தண்ணீரை உறிஞ்சுவதும் உண்மைதான், ஆனால் அது மட்டும் போதாது. நரம்பு வேலை செய்தால்தான் கோடு விழும். வயிற்றில் இருப்பது வேறு வகைத் தோல். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இருக்கிற தடித்த, முடியில்லாத தோலும் இந்த ஏற்பாடும் அங்கே கிடையாது. மகளிடம் அப்படியே சொல்லலாம்.

எனக்கு இதில் மறக்க முடியாத ஒருவர் உண்டு. தொழுநோய் குணமான பெரியவர், நெசவு செய்தவர். அந்த நோய் முழங்கைப் பக்கம் ஓடும் நரம்பை அதிகம் தாக்கும். சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் அந்த நரம்பின் பொறுப்பு. கையைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பார்த்தோம். மற்ற விரல்கள் சுருங்கியிருந்தன, அந்த ஒன்றரை விரல் மட்டும் மழமழவென்று இருந்தது. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த வெரலுக்கு மட்டும் வயசாவல போல சார்" என்றார். நரம்பு போய்விட்டது என்று அவரிடம் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூருக்கு வந்து இப்படிப்பட்ட கைகளுக்காகவே உழைத்தவர். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சூட்டிலும் காயத்திலும் அழிகின்றன என்று காட்டியவர். அதனால்தான் நாங்கள் வெந்நீரின் சூட்டை நோயாளியின் கையால் பார்க்கச் சொல்வதே இல்லை. நீங்களும் வீட்டில் செய்து பார்த்தால் சூட்டை மற்ற கையால் பாருங்கள்.

சங்குக்காரர் பேரன், தூத்துக்குடி:

ஐயா சொன்ன உப்பு விசயத்தைப் படிச்சதும் எங்க தாத்தா ஞாபகம் வந்துருச்சு. சங்கு குளிச்சவர். சின்ன வயசுல எங்களைக் கடல்ல இறக்கி விடுவார், ஊர்க் குளத்துக்கும் கூட்டிட்டுப் போவார். குளத்துல இறங்கின கொஞ்ச நேரத்துலயே கை சுருங்கிடும். கடல்ல எவ்வளவு நேரம் ஆடினாலும் அவ்வளவு சீக்கிரம் சுருங்காது. "கடத்தண்ணி கையைத் தின்னாதுல"ம்பார் தாத்தா. கடல் மேல உள்ள பாசத்துல சொல்றார்னு நினைச்சோம். உள்ளயும் உப்பு, வெளியயும் உப்புன்னா தண்ணி மெதுவாத்தானே உள்ள போகும்? தாத்தா சரியாத்தான் சொல்லியிருக்கார்.

நர்ஸ் அக்கா, சிங்கப்பூர்:

இதுல எங்க ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. சுருக்கம் விழுறதுக்கு ரத்தக் குழாய் இறுகுறதுதான் காரணம்னு 2003ல ஆய்வு செஞ்சு எழுதின வைல்டர்-ஸ்மித் இங்கதான் வேலை பார்த்தார். நான் நைட் டூட்டி முடிச்சுக் குளிக்கும்போதெல்லாம் இப்ப விரல் நுனியைப் பார்க்கிறேன். வெளுத்துத்தான் இருக்கு.

கோலிக்குண்டு, மதுரை:

எப்படிச் சுருங்குதுன்னு சொல்லிட்டீங்க, எதுக்குச் சுருங்குதுன்னு யாரும் சொல்லலையே? 2013ல இங்கிலாந்துல நியூகாசில் பல்கலைக்கழகத்துல 20 பேரை வச்சு ஒரு சோதனை பண்ணாங்க. தண்ணிக்குள்ள கிடக்கிற கோலிக்குண்டு மாதிரிச் சாமான்களை எடுத்து இன்னொரு பாத்திரத்துல போடணும். சுருங்கின கைக்காரங்க வேகமா முடிச்சாங்க. காஞ்ச சாமான்ல வித்தியாசம் இல்லை. டயர்ல காடி வெட்டியிருக்குல்ல, அது போல மடிப்பு வழியாத் தண்ணி விலகி பிடிமானம் கூடுதுன்னு சொல்றாங்க. அடுத்த வருசமே பெர்லின்ல 40 பேரை வச்சுப் பார்த்து, அப்படி ஒண்ணும் வித்தியாசம் இல்லைன்னுட்டாங்க. அப்புறம் லண்டன் சயின்ஸ் மியூசியத்துக்கு வந்த 500 பேர்கிட்ட பார்த்தப்ப, சுருங்கின விரல் ஈரமான பொருளைக் குறைஞ்ச அழுத்தத்துலயே பிடிச்சதுன்னு தெரிஞ்சது. நான் நியூகாசில் கட்சி. வைகையில தண்ணி வந்த வருசம் பாசி பிடிச்ச படியில வெறுங்காலோட ஏறி இறங்கினவன். முதல்ல வழுக்கும், கால் ஊறின பிறகு கொஞ்சம் பிடிக்கும். அதை என் கால் சொல்லும்.

பம்புசெட் அப்பா, கோபிசெட்டிபாளையம்:

ஐயா சொன்னதை அப்படியே மககிட்ட சொன்னேன். "அப்ப நரம்பு என் விரல்கிட்ட பேசுதா?"ன்னா. ஆமா கண்ணுன்னேன்.

கோலிக்குண்டையும் விடலைங்க. வாளியில நாப்பது குண்டு போட்டு, போன்ல நேரம் பார்த்து எடுத்தோம். நாலு நாள்ல மூணு நாள் சுருங்குன கைதான் முந்துச்சு. நாலாவது நாள் அவளுக்குப் பசி, அதைக் கணக்குல எடுத்துக்க முடியாதுங்க.

அதுல இன்னொண்ணு நடந்துச்சு. ஒவ்வொரு நாளும் கட்டைவிரலைப் போட்டோ எடுத்து வச்சிருந்தேன். ரெண்டை வரிசையாப் பார்த்தவ, "அப்பா, அதே கோடு!"ன்னா. நெசமாலுமே அதே வளைவு, அதே கிளை.

நர்ஸ் அக்கா, சிங்கப்பூர்:

தம்பி, ஒவ்வொரு தடவையும் அதே கோடுதான் விழுமான்னு ஒரு குழந்தை அமெரிக்காவுல பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்துல இருக்கிற கை ஜெர்மன்கிட்ட கேட்டிருக்கு. அவர் பெயரே கை! தெரியலைன்னு சொன்னவர், மூணு பேர் விரலை வெந்நீர்ல வச்சு, ஒரு நாளாவது இடைவெளி விட்டு மறுபடியும் வச்சுப் படம் எடுத்து ஒப்பிட்டார். கோடு அநேகமா அதே இடத்துலதான். 2025ல அது ஆய்வுக் கட்டுரையாவே வந்துச்சு. உள்ள ரத்தக் குழாய்கள் இடம் மாறாம இருக்கிறதுதான் காரணம்னு சொல்றாங்க. உங்க பொண்ணு தோட்டத்துத் தொட்டியிலயே அதைக் கண்டுபிடிச்சிருக்கா, அந்தப் போட்டோவையெல்லாம் பத்திரமா வைங்க.

தேன்மொழி, காரைக்கால்:

ஐயா, நீங்க சொன்ன நாள்லேர்ந்து வாரம் ஒரு தடவை, ஞாயித்துக்கிழமை சாயங்காலம், அரை மணி நேரம் வெந்நீர்ல கையை வைக்கிறேன். வலது கையாலதான் சூடு பார்க்கிறேன். தச்ச நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வாக்குல வளரும்னு டாக்டர் சொல்லியிருந்தார். தழும்புலேர்ந்து நுனி வரைக்கும் ஸ்கேல் வச்சு அளந்து, காலண்டர்ல தேதி குறிச்சிருந்தேன். அந்தத் தேதி வந்து போயிடுச்சு. ஒண்ணும் தெரியலை. அழுதேன்.

நேத்து என் வீட்டுக்காரர்தான் பார்த்தார். ட்யூப் லைட்டுக்குக் கீழ கையைப் பிடிச்சு, "இங்க பாரு"ன்னார். வழவழன்னு இருந்த அந்தப் பாதியில, நகத்துக்குப் பக்கத்துல இல்லை, கீழ மடிப்புக்கிட்ட, தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. கட்டைவிரலால தடவிப் பார்த்தேன். விரலுக்கு இன்னும் தொடுறது தெரியலை. ஆனா கோடு இருக்கு. ஐயா, இது நல்ல அறிகுறிதானே?

ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட், வேலூர்:

நல்ல அறிகுறிதான் தங்கச்சி. சுருக்கம் திரும்புவதும் உணர்வு திரும்புவதும் எப்போதும் சேர்ந்தே நடப்பதில்லை, ஒன்று முந்தலாம். டாக்டரிடம் காட்டுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.