நிறம் மாறின பொம்மைக் கார்: கொம்பனிப் பெயின்றா, கள்ளப் பெயின்றா, வெயிலா? (பழைய பொம்மைக் கார் சேர்க்கிறவங்க ஊர்ப் பேரில எழுதினது)

கல்லடி:
மட்ச்பொக்ஸ் பொம்மைக் கார்களில 46ஆம் இலக்க மொரிஸ் மைனர், 1958இல வந்தது. கரும்பச்சையும் நீலமும் தேடினாக் கிடைக்கும். மணல் நிறம் அபூர்வம், விலையும் பல மடங்கு. அதனால பச்சையைக் கரைச்செடுத்து மணல் நிறம் அடிச்சு விக்கிறதும் நடக்குது. மேல்நிறத்தைப் பார்த்து மயங்காம முதல்ல கவுத்துப் பாருங்க. மட்ச்பொக்ஸ் செய்த லெஸ்னி தொழிற்சாலையில உடலுக்குப் பெயின்ற் அடிச்சுக் காஞ்ச பிறகுதான் அடித்தட்டை வைச்சு றிவெட் தலையை நசுக்கினது. அதால அந்தத் தலை வெறும் உலோகமா இருக்கோணும். தலையில பெயின்ற், நடுவில துளை, ஓரத்தில பசை, இதில ஒண்டு தெரிஞ்சாலும் கழட்டிப் பூட்டின சாமான்தான்.

காத்தான்குடி:
ஓம் அண்ணன். மட்ச்பொக்ஸ் 13ஆம் இலக்க டொட்ஜ் ரெக்கரிலயும் (பழுதான வாகனம் இழுக்கிற லொறி) இதே சோதனைதான். பிபி எண்ணெய்க் கொம்பனியின்ர எழுத்தோட, முன்பக்கம் மஞ்சள், பின்பக்கம் பச்சை, அதுதான் வழமையானது. மறுதலையா, முன்பக்கம் பச்சையா வந்தது மிகச் சொற்பம். கள்ளச் சாமானில இரண்டு துண்டுக்கும் நிறம் மாத்தோணும், அங்கதான் பிடிபடும். பெயின்ற் கரைக்கிற மருந்து உள்மூலைக்குள்ள முழுசா இறங்காது. 10 மடங்கு லென்ஸும் சின்ன டோர்ச்சும் வைச்சு முன்பக்கத்தின்ர உட்கூரையைப் பாருங்க, பழைய மஞ்சள் பொட்டுப் பொட்டா நிக்கும்.

அக்கரைப்பற்று:
ஏமாத்தாமலே ஏமாறுறதும் இருக்கு. கடைக் கண்ணாடி அலுமாரியில வெயில் பட்டுக் கிடந்த சிவப்பு வெளிறிச் செம்மஞ்சளாகும். உடன "புது நிறம்" எண்டு விலை சொல்லுவாங்க. கதவு திறக்கிற மொடலெண்டாக் கதவின்ர உள்விளிம்பைப் பாருங்க. திறக்காட்டி அடித்தட்டு ஓரம். அங்க சிவப்பு அப்படியே இருந்தா அது வெயிலின்ர வேலை. யன்னல் பிளாஸ்டிக் மஞ்சளிச்சிருந்தா அதுவும் ஒரு அறிகுறி. படத்தைப் பார்த்து மட்டும் காசு கட்டாதீங்க. வெள்ளைக் கடதாசியில வைச்சு, பகல் வெளிச்சத்தில, நிழலில எடுத்த படம் கேளுங்க. டியூப் லைற்றுக்குக் கீழ கிறீமும் வெள்ளையும் ஒண்டாத்தான் தெரியும்.

கல்முனை:
ஹொட் வீல்ஸ் பொம்மைக் கார்களில அபூர்வ வரிசையான சூப்பர் ட்ரெஷர் ஹண்ட் 2007இல இருந்து வருது. றப்பர் டயரும் ஸ்பெக்ட்ராபிளேம் எண்ட மினுங்கற் பெயின்றும் அடையாளம். அந்தப் பெயின்றுக்குள்ளால உலோகம் மினுங்கும். சாதாரண மெற்றாலிக்கில அந்த ஆழம் வராது. சாதாரண காருக்கு றப்பர் டயர் மாத்தி விக்கிறவங்களும் இருக்கிறாங்க, அச்சு வளைஞ்சிருக்கா எண்டு பாருங்க. அட்டைப் பொதி திறக்காததெண்டா அதின்ர பிளாஸ்டிக் ஓரத்தை நகத்தால தடவிப் பாருங்க. பசை மேடு தட்டுப்பட்டா விட்டிடுங்க.

மட்டக்களப்பு நகர்:
நிறம் எவ்வளவு அபூர்வமெண்டாலும் உலோகம் செத்தா விலையில்ல. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தின டிங்கிப் பொம்மைக் கார்களில இதுதான் பெரிய தலையிடி. நாகக் கலவையில ஈயம் கலந்ததால உள்ளுக்கிருந்தே வெடிக்கும். பெயின்றில மயிர்க்கோடு, உடல் வீங்கி அச்சு இறுகுறது முதல் அறிகுறி. ஈரப்பதம் அதை விரைவாக்கும், மருந்து கிடையாது. வாவிக் காத்தில நவம்பர் தொடக்கம் ஜனவரி வரைக்கும் மூடின பெட்டியில சிலிக்கா ஜெல்லோட வையுங்க. மாசத்துக்கு ஒருக்காப் பொட்டலம் மாத்தோணும்.

காத்தான்குடி:
கழுவலாமா எண்டு கேட்டவருக்கு: இளஞ்சூட்டுத் தண்ணியில இரண்டு துளி பாத்திரச் சவர்க்காரம், மெல்லிய தூரிகை, அவ்வளவுதான். கடதாசி லேபிள் ஒட்டினதை நனைக்காதீங்க. தின்னர் கிட்டவும் வேண்டாம்.