எக்ஸ்யூமேஷனுக்குத் தமிழ்: மேலெழுச்சியா, புதைமீட்சியா?

அனைவருக்கும் வணக்கம்.

ஆழத்தில் புதைந்த பாறை மீண்டும் மேற்பரப்பை நோக்கி வருவதைப் புவியியலில் எக்ஸ்யூமேஷன் (exhumation) என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக நம் குழுவில் இதுவரை மேலெழுச்சி, அகழ்வு, வெளிப்பாடு என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. இவற்றில் மேலெழுச்சியைத்தான் முதலில் விலக்க வேண்டும் என்பேன். கேட்கச் சரியாகத் தோன்றுவதால் அதுவே கூடுதல் குழப்பம் தரும்.

மேலெழுச்சி என்பது அப்லிஃப்ட்டுக்கு (uplift), அதாவது பாறையோ தரையோ உயர்வதற்கு, உரிய சொல். அதுவும் எக்ஸ்யூமேஷனும் ஒன்றல்ல என்பதை புவி அறிவியலாளர்கள் பிலிப் இங்லண்டும் பீட்டர் மோல்னாரும் 1990இல் எழுதிய கட்டுரையில் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். பாறை உயர்ந்த அளவிலிருந்து தரை உயர்ந்த அளவைக் கழித்தால் மிஞ்சுவதுதான் எக்ஸ்யூமேஷன். ஒரு பாறை 5 கி.மீ. உயர்கிறது, அதன் மேலுள்ள தரையும் 5 கி.மீ. உயர்கிறது என்று வையுங்கள். பாறை இன்னும் அதே ஆழத்தில்தான் புதைந்திருக்கிறது. எழுச்சி நடந்தது, எக்ஸ்யூமேஷன் நடக்கவே இல்லை. மாறாக, பாறை உயர உயர ஆறும் பனியாறும் மேற்பரப்பை அதே வேகத்தில் அரித்துக்கொண்டே போனால், தரைமட்டம் மாறாமலே அடியில் கிடந்த பாறை வெளியே வந்துவிடும். ஆக, இங்கே அளக்கப்படுவது கடல்மட்டத்திலிருந்து உயரம் அல்ல. பாறைக்கு மேலுள்ள மூடலின் தடிமன்.

அகழ்வு என்றால் தோண்டும் கை ஒன்று வேண்டும். இங்கே அப்படி யாரும் இல்லை. அரிப்பு மட்டும்தான் காரணம் என்றும் இல்லை. புவியின் மேலோடு இழுபட்டு மெலியலாம், பிளவு வழியே மேற்பகுதி சரிந்து விலகலாம், சுற்றியுள்ள கவசப் பாறையைவிட (மேலோட்டுக்கு அடியிலுள்ள மேண்டில் பாறை) அடர்த்தி குறைந்த துண்டு தானாக மிதந்து ஏறலாம்.

வெளிப்பாடு என்பது கடைசிக் கட்டத்தை மட்டுமே சொல்கிறது. கோயிசைட் என்ற கனிமத்தை எடுத்துக்கொள்வோம். குவார்ட்ஸின் உயர் அழுத்த வடிவம் அது. உருவாக ஏறத்தாழ 90 கி.மீ. ஆழத்தின் அழுத்தம் வேண்டும். மேற்கு ஆல்ப்ஸின் டோரா மைராவில் கார்னெட் என்ற கனிமத்தின் மணிகளுக்குள் சிறைப்பட்டபடி அது இருந்ததை 1984இல் அறிவித்தார்கள். லடாக்கின் ட்சோ மோராரியிலும் கிடைத்திருக்கிறது. இப்படிப்பட்ட பாறை 90 கி.மீ.யிலிருந்து 30 கி.மீ.க்கு வந்தாலே பயணத்தின் பெரும்பகுதி முடிந்துவிட்டது. ஆனால் இன்னும் எதுவும் "வெளிப்பட"வில்லையே!

என் பரிந்துரை புதைமீட்சி. மீட்பு என்று போட்டால் யாரோ மீட்டதாகிவிடும். மீட்சி தானாக மீள்வது. பாதி வழி வந்தாலும் மீட்சிதான்.

வினைத்தொகையாகப் படித்தால் "புதைந்த மீட்சி" என்று வருமே என ஒரு நண்பர் தனிமடலில் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் புதை என்பது மறைவு, மறைவிடம் என்ற பொருளில் பெயராகவும் வரும். மறைவிடத்திலிருந்து மீட்சி என்று விரித்தால் சிக்கல் இல்லை. அப்புறம், கிளைச்சொற்களும் எளிதாக அமைகின்றன: புதைமீட்சி வேகம், புதைமீண்ட பாறை.

ஒரு வரியில் இட்டும் பார்த்தேன்: "இப்பாறையின் புதைமீட்சி முதலில் ஆண்டுக்குச் சென்டிமீட்டர் கணக்கில் விரைவாக நடந்தது, புவியோட்டின் நடுப்பகுதிக்கு வந்தபின் வேகம் குறைந்து, எஞ்சிய மூடலை அரிப்பு நீக்கியது." எனக்கு எங்கும் தடுக்கவில்லை. உங்களுக்குத் தடுக்கும் இடம் எது என்று சொல்லுங்கள்.